‘தக்கவைப்பு’ பொருந்துமா? ஜார்ஜ் ஈஸ்ட்டம் கட்டுரைக்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்டம் பற்றிய கட்டுரையின் வரைவில் அந்நாளைய இங்கிலாந்துக் கால்பந்து லீகின் ‘ரிட்டெய்ன் அண்ட் டிரான்ஸ்ஃபர்’ முறைக்கு ‘தக்கவைப்பு–இடமாற்ற முறை’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு பாதியுமே வழிதவற வைக்கின்றன.

‘தக்கவைத்த வீரர்’ என்றால் இன்று ஐபிஎல்தான் நினைவுக்கு வரும்: அணி விரும்பி வைத்துக்கொண்டவர், சம்பளம் கோடிகளில். ஈஸ்ட்டமுக்கு நடந்தது நேர்மாறு. 1960 கோடையில் நியூகாசில் யுனைடெட் கழகத்துடன் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதியதில் கையெழுத்திட மறுத்தார். ஒப்பந்தம் இல்லாததால் ஊதியமும் இல்லை. ஆனால் லீகில் அவர் பெயரில் இருந்த பதிவு கழகத்தின் பிடியிலேயே இருந்தது. கழகம் அதை விடாதவரை வேறு எந்த லீக் கழகத்துக்கும் அவர் ஆட முடியாது. தெற்கே போய்த் தக்கை விற்கும் வேலை பார்த்தார். நவம்பரில்தான் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விட்டார்கள்.

‘இடமாற்றம்’ இன்னும் மோசம். அரசு ஊழியருக்கு ஊர் மாறும், முதலாளி மாறமாட்டார். இங்கே முதலாளியே மாறுகிறார்.

என் பரிந்துரை: பதிவுக்கட்டு, பதிவுமாற்றம்.

———

> பதிவுக்கட்டு, பதிவுமாற்றம்

ஐயா, ‘பதிவு’ என்ற வேர் சரி. ஒப்பந்தம் வேறு, பதிவு வேறு என்பதுதான் நியூகாசில்மீது ஈஸ்ட்டம் நடத்திய வழக்கின் உயிர்நாடி. அது சொல்லிலேயே தெரிய வேண்டும். ஆனால் ‘பதிவுக்கட்டு’ என்றதும் அலுவலகக் காகிதக் கட்டுதான் கண்முன் வருகிறது. ‘பதிவுப் பிடித்தம்’ சம்பளப் பிடித்தமாகிவிடும். ‘பதிவுப் பிணை’ ஜாமீனை நினைவூட்டும். நீதிமன்றத் தீர்ப்பைப் பேசும் கட்டுரையில் அது ஆபத்து. ‘நிறுத்திவைப்பு’ ஒழுங்கு நடவடிக்கைக்குரியது. ‘பதிவுப்பிணைப்பு’ என்று வைப்போம்.

பதிவுப்பிணைப்பு, பதிவுமாற்றம் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்க வேண்டாம். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று கண்டது முக்கியமாகப் பிணைப்பைத்தான். ஒப்பந்தம் முடிந்தவருக்கும் கழகம் தொகை கேட்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நீடித்தது; 1995இல் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பில்தான் அதற்கு அடி விழுந்தது. ஒரே சொல்லாக இருந்தால் இந்த 32 ஆண்டு இடைவெளியை எழுதவே முடியாது.

———

‘பதிவுப்பிணைப்பு’ எனக்கும் சம்மதம். இணையத்தில் ‘பதிவு’ என்றால் வலைப்பதிவு என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. அதனால் முதல் முறை வருமிடத்தில் ‘லீக் பதிவு’ என்று விரித்து எழுதுங்கள். ‘டிரான்ஸ்ஃபர் ஃபீ’க்கு ‘பதிவுமாற்றத் தொகை’ போதும். ‘விலை’ வேண்டாம்: ஆளை விற்றதாகிவிடும். தொகை போனதும் கழகத்துக்கு, ஆட்டக்காரருக்கு அல்ல.

வரைவில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. ‘அதிகபட்சக் கூலி இவ்வழக்கால் ஒழிந்தது’ என்பது தவறு. வாரத்துக்கு ஆட்டப் பருவத்தில் 20 பவுண்டு, கோடையில் 17 என்றிருந்த வரம்பு 1961 ஜனவரியிலேயே போய்விட்டது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் துணிந்ததன் பலன் அது. தீர்ப்பு வந்தது அதற்கு இரண்டரை ஆண்டு கழித்து. ‘கூலி’யை எடுத்துவிட்டு ‘ஊதிய உச்சவரம்பு’ என்று போடுங்கள். நில உச்சவரம்பு பழகிய காதுக்கு விளக்கம் தேவைப்படாது.

அந்தப் பத்தியை இப்படி மாற்றலாம்:

“ஊதிய உச்சவரம்பு 1961இல் நீங்கியது, பதிவுப்பிணைப்பு நீங்கவில்லை. ஆர்சனலுக்கு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட்டம், சங்கத்தின் துணையோடு தம் பழைய கழகத்தின்மீது வழக்கை நடத்தினார். 1963 தீர்ப்பு பதிவுப்பிணைப்பைத் தளர்த்தியது. பதிவுமாற்றத் தொகை தொடர்ந்தது.”