கார்டும் தூசிக் குழாயும் ஒத்துப்போகாத மல்டிபர்ப்பஸ் மெஷின்: என் அனுபவம்

மரவேலைக்கு மல்டிபர்ப்பஸ் மெஷின் வாங்கப் போகிறவர்கள் மோட்டார் எத்தனை ஹெச்பி, பலகையைச் சீவிச் சமமாக்கும் பிளேனரின் அகலம் எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கார்டைக் (பிளேடையும் கத்தியையும் கை படாமல் மூடும் பாதுகாப்பு மூடி) கழற்றாமல் எத்தனை வேலை செய்யலாம், தூசி உறிஞ்சும் ஹோஸ் எத்தனை வாய்க்கு மாற வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ரம்பம், பிளேனர், பலகையை ஒரே தடிமனாக இழைக்கும் திக்னஸர், ஓரத்தில் வடிவம் எடுக்கும் ஸ்பிண்டில் எல்லாம் ஒரே உடம்பில் உள்ள வகை. தனித்தனி மெஷின் என்றால் கார்டையும் ஹோஸையும் ஒருமுறை பொருத்திவிட்டால் அப்படியே கிடக்கும். இதில் அது நடக்காது. ஒரு கதவுக்குப் பலகை தயார் செய்து முடிப்பதற்குள் பிளேனரிலிருந்து திக்னஸர், அங்கிருந்து ரம்பம், சில நேரம் திரும்பவும் பிளேனர் என்று போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஹோஸைப் பிடுங்கி வேறு வாயில் செருக வேண்டும், ஒரு கார்டை எடுத்து இன்னொன்றைப் போட வேண்டும். இதற்கு ஸ்பேனர் தேவைப்பட்டால் சாயங்காலத்துக்குள் கார்டு சுவரோரம் போய்விடும், நான் பார்த்த பல பட்டறைகளில் இதுதான் நிலைமை. கார்டு போடாதவரைத் திட்டிப் பயனில்லை, பாதிப் பிரச்சினை மெஷினின் அமைப்பிலேயே இருக்கிறது.

பிளேனரிலிருந்து திக்னஸருக்கு மாறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மேல் மேசைகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். பிளேனராக ஓடும்போது தூசிக்கூடு கத்தி உருளைக்குக் கீழே இருக்கும், திக்னஸராக ஓட்ட அதையே புரட்டி உருளைக்கு மேலே கவிழ்க்க வேண்டும். புரட்டும்போது கூட்டின் மூலையில் அடைந்து கிடந்த சீவல் கொத்தாகக் கீழ் மேசையில் விழும். ஹோஸும் கூடவே சுழலும், விறைப்பான ஹோஸாக இருந்தால் முறுக்கிக்கொண்டு கூட்டைத் தன் பக்கம் இழுக்கும். கூடு சரியாக உட்காராவிட்டால் மைக்ரோ சுவிட்ச் அழுந்தாது, மெஷின் ஓடாது. சுவிட்சுக்குள் நைஸ் தூள் இறுகிப்போனாலும் இதே தொல்லைதான்.

இந்த இடத்தில் பொறுமை இழந்து சுவிட்சை டேப் போட்டு அமுக்கி வைத்தவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மேசை தூக்கியிருக்கும்போது, மேலே மூடி எதுவும் இல்லாத உருளை சுற்றத் தொடங்காமல் தடுப்பது அந்த ஒரு சுவிட்ச்தான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரு பிரஷ்ஷால் சுவிட்சைச் சுற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹோஸுக்குச் சுழலும் இணைப்பு ஒன்று போட்டதிலிருந்து என் மெஷினில் முறுக்குப் பிரச்சினை இல்லை.

திக்னஸரில் உறிஞ்சல் குறைந்தால் அது வேலையிலும் தெரியும். சீவல் பலகை மேலேயே விழுந்து, வெளியே தள்ளும் உருளைக்கு அடியில் மாட்டி, இழைத்த முகத்தில் சின்னச் சின்னப் பள்ளமாகப் பதிந்துவிடும். கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றுவதற்கு முன் ஹோஸில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ரம்பம். நண்பர் ஒருவரின் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். மெல்லிய பிளேடு போட்டால் மோட்டாருக்குச் சுமை குறையும் என்று யாரோ சொல்லி, 2.4 மில்லிமீட்டர் வெட்டுகிற பிளேடை வாங்கி மாட்டினார். மெஷினோடு வந்த ரிவிங் நைஃப் (பிளேடுக்குப் பின்னால் நின்று, பலகை திருப்பி அடிக்காமல் தடுக்கும் தகடு) 2.5 மில்லிமீட்டர். பலகை பிளேடைத் தாண்டி நைஃபில் முட்டி அப்படியே நின்றுவிட்டது. நைஃபின் தடிமன் பிளேடின் தகட்டை விட அதிகமாகவும், பல் வெட்டும் அகலத்தை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் ரொம்பக் குறைவு. அவர் நைஃபைக் கழற்றி வைத்தார். அந்த மெஷினில் மேல் கார்டு நைஃபில்தான் மாட்டியிருக்கும், மேலே தூசி உறிஞ்சும் வாய் அந்தக் கார்டில்தான் இருக்கும். ஆக ஒன்றைக் கழற்றியதும் மூன்றும் போயிற்று. பலகை திருப்பி அடிப்பதற்கும் தடை இல்லை, பல்லுக்கும் மூடி இல்லை, பல் மேலே வீசுகிற தூள் நேரே முகத்துக்கு வருகிறது. பழைய பிளேடைத் திரும்ப மாட்டச் சொல்லி, அவர் மாட்டிய பிறகுதான் அங்கிருந்து கிளம்பினேன். பிளேடு மாற்றுகிறவர்கள் அதில் பொறித்திருக்கும் இரண்டு அளவுகளையும் நைஃபில் உள்ள அளவோடு ஒப்பிட்டுவிட்டு மாற்றுங்கள்.

முழுசாக அறுக்காமல் காடி மட்டும் எடுக்கும்போதும் நைஃபில் மாட்டிய கார்டு நிற்காது. நைஃபின் முனை பிளேடின் உச்சியை விடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் நைஃபாவது இடத்திலேயே இருக்கும். மேலிருந்து கை நீட்டித் தொங்கும் கார்டு இதற்கு நல்ல தீர்வு, ஆனால் மல்டிபர்ப்பஸ் மெஷினில் அதன் தூண் பிளேனர் ஃபென்ஸுக்கோ (பலகையை ஒட்டி நகர்த்தும் பக்கச் சட்டம்) ஸ்பிண்டில் கூட்டுக்கோ இடைஞ்சலாக வருகிறதா என்று எல்லா நிலையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேசைக்குக் கீழே நல்ல உறிஞ்சல் இருந்தாலும் பலகையின் ஓரத்தை லேசாகச் சீவும்போது பிளேடின் ஒரு பக்கம் திறந்தே இருக்கும், அந்தத் தூளை மேல் வாய்தான் பிடிக்கும். ஷாப்ஸ்மித் மார்க் ஃபைவ் மாதிரி மெஷின்களில் பிளேடு சாயாது, மேசைதான் சாயும், வெட்டின் ஆழமும் மேசையை ஏற்றி இறக்கித்தான். ஆழம் மாறும்போதெல்லாம் கீழ்க் கூட்டுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடைவெளியும் மாறும் என்பதால் அங்கே மேல் கார்டின் வாய் இன்னும் முக்கியம்.

குழாய் அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். உலர்ந்த சீவலை இழுத்துப்போக குழாய்க்குள் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 100 மில்லிமீட்டர் குழாயில் அதற்கு மணிக்கு சுமார் 565 கனமீட்டர் காற்று வேண்டும், 120 மில்லிமீட்டர் என்றால் சுமார் 815. மெஷினின் வாய் 120, தூசியை உறிஞ்சிச் சேர்க்கும் கலெக்டரின் ஹோஸ் 100 என்று இருந்தால் அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் 100-ஐ 63-க்குக் குறைத்தால் காற்று போகும் பரப்பு நாற்பது சதவீதமாகச் சுருங்கிவிடும், பிளேனர் சீவலுக்கு அது கட்டுப்படியாகாது, உடனே அடைக்கும். ரம்பத்தின் மேல் கார்டுக்கு 63 போதும் என்பது என் அனுபவம், அதுவும் கீழே பெரிய குழாய் தனியாக இருந்தால்.

மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற சீவல் தரையில் விழுந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத நைஸ் தூள்தான் காற்றில் நின்று நெஞ்சுக்குள் போகிறது. கலெக்டரில் வெறும் துணிப்பை இருந்தால் அந்தத் தூள் பையின் இழை வழியாகத் திரும்ப அறைக்கே வரும், அதனால் ஃபில்டர் எத்தனை மைக்ரான் வரை பிடிக்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

அடாப்டரோ வேறு கம்பெனியின் கார்டோ ஆர்டர் செய்வதற்கு முன் வெர்னியரால் வாயின் வெளி விட்டத்தையும் ஹோஸின் உள் விட்டத்தையும் அளந்துவிடுங்கள். நூறு என்று பெட்டியில் போட்டிருப்பது உள்ளளவா வெளியளவா என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுகிறது. கார்டு என்றால் நைஃபின் தடிமன், அதில் உள்ள துளை எங்கே இருக்கிறது, பிளேடை முழுசாக ஏற்றிச் சாய்க்கும்போது கார்டு ஃபென்ஸில் இடிக்குமா என்பதையும் கேளுங்கள். விற்பவரால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், மெஷினின் மாடலைச் சொல்லி அதில் மாட்டிய படத்தைக் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.