பிளேட் வைத்த காலில் சீழ் பிடித்தது, இப்போது மூட்டு மாற்றலாமா?

மேலூர் மகள்:
அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. போன வருடம் வண்டியிலிருந்து விழுந்ததில் முழங்கால் மூட்டோடு சேர்ந்த இடத்தில் எலும்பு நொறுங்கி, பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். இரண்டாவது மாதமே தையல் போட்ட இடத்தில் சின்னக் கொப்புளம் மாதிரி வந்து, அமுக்கினால் மஞ்சளாகச் சீழ். மாத்திரை போட்டால் காயும், நிறுத்தினால் திரும்ப ஒழுகும். இப்படியே இழுத்து, கடைசியில் பிளேட்டை எடுத்துக் கழுவிவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மூட்டு மேடுபள்ளமாகிக் காலை ஊன்ற முடியவில்லை. புண் ஆறி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு டாக்டர் அடுத்த வாரமே மூட்டு மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வேன், இரண்டு ஆபரேஷன்கூட ஆகலாம் என்கிறார். அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் பாத்ரூம் போகிறார், பார்க்கச் சகிக்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பழைய லாரிக்காரன்:
தங்கச்சி, இரண்டாவது டாக்டரை விட்டுவிடாதீர்கள். எனக்கும் இதே கதைதான். அவசரப்பட்டு மாற்றி, ஐந்தாவது மாதம் புது மூட்டிலும் சீழ் வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டில் ஸ்பேசர், அதாவது தற்காலிக மூட்டு வைத்து, ஆறு வாரம் நரம்பில் ஊசி போட்டார்கள். வாக்கரோடுதான் நடமாட்டம். அப்புறம் ரிஃபாம்பிசின் மாத்திரை, அதைப் போட்டால் சிறுநீர் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி போகும், பனியன்கூடக் கறையாகும். டிபிக்குக் கொடுக்கிற மருந்தாச்சே என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். அதன் பிறகு வைத்த மூட்டு நான்கு வருடமாக நன்றாக இருக்கிறது. சம்மணம் போட முடியாது, பஸ் ஏறுவேன்.

ஆர்த்தோ வார்டு நர்ஸ்:
அக்கா, கிருமி இரும்பின் மேல் வழவழப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்காரும், மருந்து அதற்குள் சரியாகப் போகாது. அதனால்தான் பிளேட் இருந்தவரை ஒழுகியது. இப்போது மேலே புண் ஆறியிருந்தாலும் எலும்புக்குள் மிச்சம் இருக்கலாம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. ஆன்டிபயாடிக் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்டு இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டு, மூட்டு நீரை ஊசியில் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். மருந்து ஓடும்போது எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் ஏமாற்றிவிடும். சில கிருமிகள் மெதுவாக வளரும், 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் சொத்தைப் பல்லைப் பார்த்துவிடுவதும் இந்த இடைவெளியிலேயே முடியட்டும். பழைய தழும்பையும் காட்டுங்கள், அதற்குப் பக்கத்திலேயே புதிதாகக் கீறினால் நடுவில் மாட்டும் தோல் கருகிப்போகலாம்.

காரைக்குடி மருமகன்:
என் மாமனாருக்கு ஒரே ஆபரேஷன்தான். இரண்டு என்று பயமுறுத்த வேண்டுமா?

ஆர்த்தோ வார்டு நர்ஸ்:
பயமுறுத்தவில்லை அண்ணா. இவங்க அப்பாவுக்குப் பிளேட் எடுத்துக் கழுவியதே கிட்டத்தட்ட முதல் கட்டம் முடிந்த மாதிரி. டெஸ்ட் சுத்தமாக வந்து, திறந்து பார்க்கும்போதும் உள்ளே சதை நன்றாக இருந்தால் அன்றைக்கே மூட்டு வைப்பார்கள். அப்போதும் நான்கைந்து இடத்தில் சதை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். சந்தேகமாக இருந்தால்தான் ஸ்பேசர். அதைத்தான் அந்த டாக்டர் "ஆகலாம்" என்று சொல்லியிருப்பார். செலவு பற்றி ஒன்று: முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தது, பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

மேலூர் மகள்:
ரொம்ப நன்றி. இரண்டாவது டாக்டரிடமே திங்கட்கிழமை போகிறோம். பிளேட் எடுத்தபோது என்ன கிருமி வளர்ந்தது என்று கேட்கிறார், பழைய ஆஸ்பத்திரியில் அந்த ரிப்போர்ட்டைத் தரமாட்டேன் என்கிறார்கள்.

பழைய லாரிக்காரன்:
வாயால் கேட்காதீர்கள், அப்பா கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டோம் என்று நகலில் சீல் போட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது, அந்த ஒரு தாளை வைத்துத்தான் சரியான ஊசியையே தேர்ந்தெடுத்தார்கள்.