இத்தாலியன் ரயில் யார்டு பிளான்ல 'அஸ்தா தி மனோவ்ரா', இங்கிலீஷ்ல என்ன போடலாம்? அவசரம்

கேள்வி:
வணக்கம். இத்தாலியில ஒரு ஸ்காலோ தி ஸ்மிஸ்தமென்தோவோட பழைய டிராக் பிளானை இங்கிலீஷ்ல மாத்திட்டு இருக்கேன். அது மார்ஷலிங் யார்டு, அதாவது சரக்கு வேகன்களைப் பிரிச்சுச் சேர்க்கிற இடம், அதுவரைக்கும் சரி. அஸ்தான்னா கம்பின்னு 'மனூவர் ராட்'னு போட்டுட்டேன், ஆனா பிளான்ல அது கம்பியே இல்ல, யார்டு முனைலேர்ந்து தனியா நீண்டு போய் கடைசில பஃபர்ங்கிற தடுப்புல முட்டி நிக்கிற லைன். செல்லா தி லாஞ்சோ, ட்ராவெர்சா லிமிதே ரெண்டும் புரியல. செல்லான்னா குதிரைச் சேணமாம்! நாளைக்கு அனுப்பணும்.

பதில்:
நான் ஷண்டிங்ல, அதாவது வேகன்களை லைன் மாத்திச் சேர்க்கிற வேலைல இருந்து ரிட்டையர் ஆனவன்மா, இத்தாலியன் தெரியாது. நீ சொல்றது நம்ம ஷண்டிங் நெக். எஞ்சின் வேகனை இழுத்துட்டு அதுக்குள்ள போகும், லைனைத் திருப்பி விடற பாயிண்டை மாத்தினதும் வேற லைன்ல தள்ளும், மெயின் லைனுக்கு இடைஞ்சல் இல்ல.

பதில்:
ஐயா சொன்னதேதான். ஆனா ஷண்டிங் நெக் நம்ம ஊர்ல சொல்றது, பிரிட்டன்ல பெரும்பாலும் ஹெட்ஷண்ட், அமெரிக்கால ஸ்விட்சிங் லீட், மார்ஷலிங் யார்டே அங்க கிளாசிஃபிகேஷன் யார்டு ஆயிடும், அதனால யாருக்குப் போகுதுன்னு முதல்ல கேட்டுடுங்க. செல்லா தி லாஞ்சோ ஹம்ப், வேகனைத் தள்ளி ஏத்தி உருட்டி விடற மேடு. அதையே பரிஜீனான்னும் எழுதுவாங்க, பாரிஸ் பொண்ணுன்னு போட்டுடாதீங்க! ஃபாஷோ ஆர்ரீவின்னு வந்தா ரிசப்ஷன் சைடிங்ஸ், வர்ற வண்டிகளை வாங்கி நிறுத்துற லைன்கள். ட்ராவெர்சான்னா ஸ்லீப்பர் கட்டை, ஆனா இங்க 'லிமிட் ஸ்லீப்பர்'னு போட்டா யாருக்கும் விளங்காது. ரெண்டு லைன் சேர்ற இடத்துல நடுவுல வெள்ளை பெயிண்ட் அடிச்சுக் கிடக்கும்.

பதில்:
அட, அது ஃபவுலிங் மார்க்குமா! அதைத் தாண்டி வேகன் நின்னா பக்கத்து லைன்ல வர்ற வண்டி உரசிடும். இதைத் தப்பா எழுதிடாத, உயிர் சம்பந்தப்பட்டது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றிங்க. கேட்டுட்டேன், பிரிட்டன்காரங்களுக்குத்தான், ஹெட்ஷண்ட், ஹம்ப், ஃபவுலிங் பாயிண்ட் மார்க்கர்னு மாத்தியாச்சு. கடைசியா ஒண்ணு, ஸ்தாஃபா? டிக்ஷனரி அங்கவடிங்குது, குதிரைல ஏறக் கால் வைக்கிற வளையம்.

பதில்:
சக்கரத்துக்குக் கீழ வைக்கிறது. நிக்கிற வேகன் நகராம இருக்க வெச்சா ஸ்காட்ச், ஹம்ப்லேர்ந்து உருண்டு வர்றதைத் தடுக்க வெச்சா டிராக் (drag) ஷூ. பிளான்ல எந்த லைன் பக்கத்துல எழுதியிருக்குன்னு பாத்துட்டு போடுங்க.

பதில்:
நாங்க அதை ஸ்கிட்னு சொல்வோம்மா.