கட்டடக்கலை முதுகலைக்குக் கலைப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

செங்கல்சுண்ணாம்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டு பி.ஆர்க். (கட்டடக்கலை இளங்கலை) முடித்து, கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவும் செய்துகொண்டு, புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அழுத்திய மண்கட்டியும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டு வீடு கட்டுவதே எங்கள் அலுவலகத்தின் பெரும்பாலான வேலை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்த காரை எந்த விகிதத்தில் வெடிக்காமல் நிற்கிறது என்று அறிய, ஓட்டுத் துண்டுகளில் பூசி, பின்புறம் தேதியும் கலவை அளவும் எழுதி, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை நிழலிலும் காயவைத்துக் குறிப்பெடுப்பது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்திலிருந்துதான், கட்டடத்தைத் திரையில் வரைந்து முடித்தபின் பொருளைத் தேடுவதற்குப் பதிலாக, பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டடத்தை யோசிக்கும் ஒரு முதுகலைப் படிப்பு வேண்டும் என்ற ஆசை வந்தது.

பெரிய பல்கலைக்கழகங்களைவிடக் கலைப்பள்ளிகளே இதற்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். மிச்சிகனில் உள்ள கிரான்புரூக் அகாடமி ஆஃப் ஆர்ட், ரிஸ்டி என்று அழைக்கப்படும் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன், புரூக்ளினின் பிராட் இன்ஸ்டிடியூட், லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் ஆகிய நான்கையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றின் பட்டமும் வேறுவேறு பெயரில், வேறுவேறு கால அளவில் இருக்கிறது. கல்விக் கடன் வாங்கித்தான் போக வேண்டும். எதை வைத்து ஒப்பிடுவது, எதை முதலில் விசாரிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வரைமேசை (மறுமொழி)

வணக்கம். பள்ளிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, அவை தரும் பட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலர் தரவரிசையையும் வளாகத்தின் படங்களையும் பார்த்துவிட்டு, இந்த வேறுபாட்டைச் சேர்ந்தபிறகுதான் அறிகிறார்கள்.

அமெரிக்காவில் எம்.ஆர்க். (கட்டடக்கலை முதுகலை) என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் இருக்கின்றன. ஒன்று, தொழில் உரிமத்துக்கு வழிவிடும் பட்டம். இளங்கலையில் எதைப் படித்தவரும் சேரலாம், பெரும்பாலும் மூன்றாண்டு, கட்டடக்கலைப் படிப்புகளை மதிப்பிடும் என்.ஏ.ஏ.பி. என்னும் அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. ரிஸ்டியும் பிராட்டும் தரும் எம்.ஆர்க். இந்த வகை. முன்பே கட்டடக்கலை படித்தவர்களுக்கு ரிஸ்டி காலத்தைக் குறைத்துத் தருவதுண்டு. எவ்வளவு குறைப்பார்கள் என்பது உங்கள் மதிப்பெண் பட்டியலையும் போர்ட்ஃபோலியோவையும் (வேலைகளின் தொகுப்பு) பார்த்துத்தான் முடிவாகும். மற்றொன்று, தொழிற்பட்டம் ஏற்கெனவே பெற்றவர் மேற்கொண்டு ஆராய்வதற்கான பட்டம். கிரான்புரூக்கின் எம்.ஆர்க். இந்த இரண்டாம் வகை, இரண்டாண்டு. பிராட்டிலும் எம்.ஆர்க். தவிர, கட்டடக்கலைப் பட்டம் உள்ளவர்களுக்கென்றே தனியாக ஒரு எம்.எஸ். படிப்பு இருக்கிறது. இந்த இரண்டாம் வகைக்கு என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் வழங்குவதே இல்லை. ஆகவே அது இல்லாததைத் தரக்குறைவு என்று எண்ண வேண்டாம்.

இனி இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். அமெரிக்காவிலேயே தங்கி உரிமம் பெற்ற கட்டடக்கலைஞராக வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற பட்டம், அதன்பின் ஏ.எக்ஸ்.பி. என்னும் 3,740 மணி நேரப் பயிற்சி, அதன்பின் ஆறு பிரிவுகள் கொண்ட ஏ.ஆர்.இ. தேர்வு என்பதே பெரும்பாலான மாநிலங்களின் நேர்வழி. இந்திய பி.ஆர்க். மட்டும் வைத்திருப்பவர் தம் பாடங்களைத் தனியே மதிப்பீடு செய்து குறைகளை நிரப்ப வேண்டியிருக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களே வேலை அனுபவத்தைப் படிப்புக்கு ஈடாக ஏற்கின்றன. ஊருக்குத் திரும்பித் தொழில் செய்வதாக இருந்தால் கணக்கே வேறு. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின்படி உங்கள் பதிவு பி.ஆர்க். பட்டத்தை வைத்து ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வெளிநாட்டு முதுகலை எந்த வகையானாலும் அந்தப் பதிவுக்கு ஒரு குறையும் வராது. அப்படியிருக்க, உரிமத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்து, கட்டமைப்பு, கட்டட விதிமுறை, தொழில் நடைமுறை ஆகிய பாடங்களை மறுபடியும் படிக்கக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லண்டனைப் பொறுத்தவரை, ராயல் காலேஜின் கட்டடக்கலை எம்.ஏ. அந்நாட்டின் மூன்று கட்டத் தகுதி முறையில் இரண்டாம் கட்டத்துக்கு உரியதாக இருந்துவந்தது. முதல் கட்டத் தகுதியை இந்திய பி.ஆர்க். தானாகப் பெற்றுத் தந்ததில்லை. அந்த முறையே இப்போது மாற்றப்பட்டு வருகிறது. அங்கே உரிமம் பெறும் எண்ணம் இல்லையென்றால், இந்தப் படிப்புக்காக அவ்வளவு செலவிடத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

தறிக்கட்டை (மறுமொழி)

தம்பி, மேலே சொன்னவை அனைத்தும் சரி. நான் அமெரிக்கக் கலைப்பள்ளி ஒன்றில் கட்டடக்கலை முதுகலை படித்தவள் என்பதால், பட்டறைகளைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

கலைப்பள்ளி என்றால் மட்பாண்டம், நெசவு, உலோகம், கண்ணாடி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும், உண்மைதான். ஆனால் அவை கட்டடக்கலை மாணவருக்குத் திறந்திருக்கின்றனவா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பல இடங்களில் ஒவ்வொரு பட்டறையும் அந்தந்தத் துறைக்கே உரியது. வேறு துறை மாணவர் சூளையைத் தொட வேண்டுமானால், அந்தப் பருவத்தில் அங்கே ஒரு பாடம் எடுத்திருக்க வேண்டும். நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால், சேர்க்கை அலுவலகத்தார் காட்டும் மண்டபங்களோடு நின்றுவிடாமல், மரப்பட்டறைக் கதவில் ஒட்டியிருக்கும் நேரப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். இரவு எத்தனை மணி வரை மேற்பார்வையாளர் இருக்கிறார், சனி ஞாயிறில் திறப்பார்களா, பயிற்சிச் சீட்டு யாருக்கெல்லாம் தருகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். போக முடியாதவர்கள் இதையே மின்னஞ்சலில் கேட்கலாம். ஸ்டூடியோ ஜூரி (ஆசிரியர்கள் முன் வேலையைக் காட்டும் மதிப்பீடு) முடிந்த மறுநாள் தூங்கிவிட்டு, அடுத்த நாள் பட்டறைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும் பள்ளியில் உங்கள் சுண்ணாம்பு வேலை நடக்காது.

ரிஸ்டியில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு நடக்கும் இடைப்பருவம். அப்போது மாணவர்கள் தம் துறைக்கு வெளியே ஒரு பாடத்தில் மூழ்கலாம். கட்டடக்கலை மாணவர் கண்ணாடி ஊதவோ துணி நெய்யவோ கற்க அட்டவணையிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எட்னா லாரன்ஸ் என்ற ஆசிரியை 1937இல் தொடங்கிய நேச்சர் லேப் என்னும் சேகரமும் அங்கே உண்டு. எலும்பு, சிப்பி, விதைக்கூடு, பூச்சி என்று கையில் எடுத்து வரையக்கூடிய பொருள்கள் அங்கே ஏராளம். பக்கத்திலேயே உள்ள பிரௌன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கவும் வழியுண்டு.

கிரான்புரூக் முற்றிலும் வேறு வகை. அங்கே இளங்கலை மாணவர்களே கிடையாது. வழக்கமான பாடத்திட்டமும் கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் அங்கேயே தங்கி வேலை செய்யும் ஒரு கலைஞர் தலைவராக இருப்பார். மாணவர் தம் ஸ்டூடியோவில் தாமே வகுத்த வேலையைச் செய்துகொண்டு, அவரோடும் சக மாணவரோடும் விவாதிப்பார். வளாகத்தை வடிவமைத்த எலியேல் சாரினென்தான் அகாடமியின் முதல் தலைவர். அவர் மனைவி லோயா அதே வளாகத்தில் நெசவுக்கூடம் நடத்தினார்; அந்தக் கட்டடங்களுக்கான விரிப்புகளும் திரைகளும் அங்கேயே நெய்யப்பட்டன. பின்னாளில் அறைகலன் வடிவமைப்பில் புகழ்பெற்ற சார்ல்ஸ் ஈம்ஸும், எலியேலின் மகன் ஈரோ சாரினெனும் சந்தித்ததும் அங்கேதான். 1940இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய அறைகலன் போட்டியில் வளைத்த ஒட்டுப்பலகை நாற்காலிகளுக்காக அவர்கள் பரிசு பெற்றார்கள். பின்னாளில் கட்டடக்கலையின் உயரிய பிரிட்ஸ்கர் விருது பெற்ற ஃபுமிஹிகோ மாகியும் அங்கே படித்தவர். சார்ல்ஸும் அவர் மனைவி ரேயும் 1958இல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது என்பதையும் இங்கே நினைவுகூர்கிறேன். நம் நாட்டு வடிவமைப்புக் கல்விக்கும் அந்த வளாகத்துக்கும் தொலைவான ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது.

இத்தனை பெருமை இருந்தாலும், ஒரே ஆசிரியரை நம்பி இரண்டாண்டு போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். அவருடைய அக்கறை உங்களுடையதற்கு அருகிலாவது இருக்க வேண்டும். இப்போது அத்துறைக்குத் தலைவர் யார், அவர் என்ன செய்திருக்கிறார், நீங்கள் படிக்கும் காலம் முழுவதும் அவர் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். 1978 முதல் 1985 வரை கட்டடக்கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்ட் தலைவராக இருந்தபோது அத்துறையில் நடந்த வேலைக்கும், அவருக்கு முன்னும் பின்னும் நடந்த வேலைக்கும் உள்ள இடைவெளி பெரிது. பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியர் சரிப்படவில்லையென்றால் அடுத்த பருவத்தில் வேறு ஸ்டூடியோவுக்குப் போகலாம். கிரான்புரூக்கில் அப்படிப் போக இடமில்லை.

போர்ட்ஃபோலியோவைப் பற்றி ஒரு சொல். நீங்கள் எழுதிய அந்த ஓட்டுத் துண்டுகளை, வெடித்தவற்றையும் சேர்த்து, கலவை அளவோடு முழுப் பக்கத்தில் போடுங்கள். கல்லூரி நான்காம் ஆண்டில் செய்த மருத்துவமனைத் திட்டத்தை எடுத்துவிடலாம்; அது எல்லாரிடமும் இருக்கிறது.

செங்கல்சுண்ணாம்பு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வகைப் பட்டம் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. சில ஆண்டுகள் வெளியே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஏதேனும் ஒரு கல்லூரியில் கற்பித்துக்கொண்டே தொழில் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியானால் கிரான்புரூக் அல்லது பிராட்டின் எம்.எஸ். என்று சுருக்கிக்கொள்ளலாமா? கடனை எண்ணினால் தயக்கமாக இருக்கிறது. செலவு குறைந்த வேறு வழி ஏதும் உண்டா?

கூரைவிட்டம் (மறுமொழி)

செலவு என்று வரும்போது வியன்னாவையும் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். அங்கே ஆங்கேவாண்டே என்று அழைக்கப்படும் பயன்பாட்டுக் கலைப் பல்கலைக்கழகம் 1867இல் ஒரு கைவினைப் பள்ளியாகத் தொடங்கியது. கட்டடக்கலைஞர் யோசஃப் ஹோஃப்மன் கற்பித்த இடம் அது; 1926இல் சிறிய வீடுகளுக்கான ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை வடிவமைத்த மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி படித்த இடமும் அதுவே. இன்றைய கட்டடக்கலை முதுகலை ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆஸ்திரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்க்கான கட்டணம் ஒரு பருவத்துக்குச் சுமார் 727 யூரோ என்பதே வழக்கம். அமெரிக்கத் தனியார் கலைப்பள்ளிகளோடு ஒப்பிட்டால் அது மிக மிகக் குறைவு. ஆனால் தங்கும் செலவுக்குப் பணம் இருப்பதை விசாவுக்காகக் காட்ட வேண்டும், சேர்க்கையும் கடினம். அத்துறையின் சாய்வு பல ஆண்டுகளாகக் கணினி வடிவமைப்பின் பக்கம். கணினி வழி வளைந்த வடிவங்களுக்குப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் சகா ஹதீத் அங்கே ஸ்டூடியோ நடத்தியவர் என்றால் உங்களுக்கே புரியும். மண்ணையும் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு போகிறவர் அங்கே தம் இடத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கைவேலையோடு இணைந்த கட்டடக்கலைதான் நாட்டம் என்றால், 1754இல் தொடங்கிய கோபன்ஹேகன் ராயல் அகாடமி நெருங்கி வரும். கோரே கிளிண்ட் 1924இல் அங்கே தொடங்கிய அறைகலன் கல்வி, டென்மார்க்கின் கட்டடக்கலைஞர்கள் தச்சர்களோடு சேர்ந்து வேலை செய்த மரபுக்கு அடித்தளம். கட்டணம் வியன்னாவைவிடக் கூடுதல் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அமெரிக்கா என்றால் இரண்டு செய்திகளைக் கட்டாயம் விசாரியுங்கள். முதலாவது, படிப்புக்குப் பின் வேலை அனுமதி. மாணவருக்கான எஃப்-1 விசாவில் பொதுவாக 12 மாதம் கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பானால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஒரே எம்.ஆர்க். ஒரு பள்ளியில் அந்தப் பட்டியலுக்குள்ளும், வேறொரு பள்ளியில் வெளியிலும் இருக்கும்; பள்ளி விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் பாடக் குறியீட்டு எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. கடனை அங்கேயே சம்பாதித்து அடைக்கத் திட்டமிடுகிறவருக்கு இந்த எண் உயிர்நாடி. விதிகள் மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டில் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, பள்ளியின் நிதிநிலை. சிறிய கலைப்பள்ளிகள் மாணவர் கட்டணத்தையே நம்பி நடப்பவை. 1871இல் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் 2022இல் வகுப்புகளை நிறுத்தியது. ஃபிலடெல்ஃபியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூடப்போவதாக அறிவித்து, ஒரே வாரத்தில் மூடிவிட்டது. அந்த ஆண்டு சேர இருந்தவர்களும் பாதிப் படிப்பில் இருந்தவர்களும் வேறு இடம் தேடி அலைந்தார்கள். விசாவில் போகும் மாணவருக்கு இது எத்தனை பெரிய இடி என்று சொல்லத் தேவையில்லை. பெரிய அறக்கட்டளை நிதி உள்ள பள்ளியா, மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளாகக் குறைந்து வருகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

வரைமேசை (மறுமொழி)

கற்பிக்கும் எண்ணம் இருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தியக் கல்லூரியில் ஆசிரியராகச் சேரும்போது வெளிநாட்டு முதுகலைக்கு இணைத்தகுதிச் சான்று கேட்பார்கள். பட்டத்தின் பெயர், படிப்பின் கால அளவு, நேரில் படித்ததற்கான ஆதாரம் ஆகியவை அதில் பார்க்கப்படும். மூன்றே பருவத்தில் முடியும் எம்.எஸ்.ஸைவிட, இரண்டாண்டு எம்.ஆர்க். அந்த இடத்தில் விளக்கம் கேட்கப்படாமல் நகரும் என்பது என் கணிப்பு. ஆனாலும் அந்தச் சான்றை இப்போது வழங்கும் அமைப்பு எது என்று கேட்டறிந்து, அதற்கு எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டபிறகு முடிவெடுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் கிரான்புரூக்கை முதலிலும் ரிஸ்டியை இரண்டாவதாகவும் வைத்து, ரிஸ்டி எத்தனை ஆண்டு குறைக்கிறது, இருவரும் எவ்வளவு உதவித்தொகை தருகிறார்கள் என்ற இரண்டு விடைகளும் கைக்கு வந்தபின் வரிசையை மாற்றுவதா என்று பார்ப்பேன். உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, முழுப் படிப்புக்குமா என்று கடிதத்தில் தெளிவாக இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் இப்போது படிக்கும் இருவருக்கும், படித்து முடித்த ஒருவருக்கும் எழுதுங்கள். கடந்த பருவத்தில் தம் கையால் எதைச் செய்தார்கள், எந்தப் பட்டறையில், யாருடைய உதவியோடு என்று மட்டும் கேளுங்கள். மூவரும் கணினித் திரையில் செய்த வேலையை மட்டுமே விவரித்தால், அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.