மறு: இரண்டாம் வகுப்புக்கு நிரை, நிரல் வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இரண்டாம் வகுப்புக் கணக்குப் பயிற்சி ஏடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சிறிய அட்டவணையைப் பார்த்து விடை சொல்லும் பாடத்தில் கை நின்றுவிட்டது. பாடநூல் வழக்குப்படி குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ஒட்டுமா? வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

----------

ஒட்டாது. அந்த வகுப்பைத்தான் நான் எடுக்கிறேன். அட்டவணையின் இடப்பக்கம் பூனை, நாய், கிளி. மேலே சிறுவர், சிறுமியர். யாருக்கு எது பிடிக்கும் என்ற கணக்கு. "சிறுமியர் நிரலைப் பாருங்கள்" என்றால் பல விரல்கள் குறுக்கே ஓடுகின்றன. இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. திசையை நினைவூட்ட அவற்றுக்குள் எதுவும் இல்லை. "ஒரு விரலைக் கிளியில் வைத்துக் குறுக்கே நகர்த்து, இன்னொரு விரலைச் சிறுமியரில் வைத்துக் கீழே இறக்கு, இரண்டும் முட்டுகிற கட்டத்தில் என்ன எண்?" என்று கேட்டால் பட்டென்று விடை வருகிறது. குறுக்கு வரிசை, இறங்கு வரிசை என்றே வைத்துவிடலாமே.

----------

> குறுக்கு வரிசை, இறங்கு வரிசை

அம்மா, இறங்குவரிசை கூடவே கூடாது. எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஏறுவரிசையும் இறங்குவரிசையும் அதே வயதில்தான் படிக்கிறார்கள். ஒரே ஏட்டில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் உங்களுக்குத்தான் தொல்லை.

நிரலை ஏன் விடவேண்டும் என்பதே எனக்கு விளங்கவில்லை. நிரத்தல் என்றால் ஒழுங்குபடுதல். "நிரந்தினிது சொல்லுதல்" (குறள் 648) நினைவிருக்கும். சொற்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு உரியவற்றை அதே வரிசையில் சேர்த்துப் பார்க்கும் நிரல்நிறையைத் தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூல் எட்டுப் பொருள்கோளில், அதாவது செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில், ஒன்றாக வைக்கிறது. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளை இரண்டு வரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். மேலே அன்பு, அறன். அன்புக்கு நேர்கீழே பண்பு, அறனுக்கு நேர்கீழே பயன். குறளே அட்டவணையாக நிற்கிறது! மேலும், பிள்ளைகளின் பயிற்சிக்குத் தலைப்பு தேடுகிறவர் 'அட்டவணைப் பொருள்கோள்' என்று துணிந்து வைக்கலாம். எதை எதோடு சேர்த்துப் பொருள் கொள்வது என்பதுதானே இரண்டு இடத்திலும் வேலை.

----------

ஐயா, குறள் எடுத்துக்காட்டு அருமை, எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது உங்கள் கட்சிக்கு எதிராகப் பேசுகிறது. நிரல் என்றாலும் ஒழுங்கு, நிரை என்றாலும் வரிசை. பல்நிரை, ஆநிரை எதிலும் திசை இல்லை. வெட்சித் திணையில் பகைவரிடமிருந்து கவர்ந்த மாட்டு நிரை எந்தப் பக்கம் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. குறுக்கு, நெடுக்கு என்ற பிரிவு கணிதத்துக்காகப் பின்னால் ஏற்றியது. பெரியவர்கள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். அப்புறம், நிரல்நிறையில் வருவது வல்லின றகரம். நிரையோடு அதை இணைத்தால் பிள்ளைகள் எழுத்துப்பிழையையும் சேர்த்துக் கற்பார்கள்.

----------

விரிதாள் மென்பொருள்களில் நெடுவரிசை புழக்கத்தில் இருக்கிறதே? கிடைவரிசை, நெடுவரிசை என்று இணையாக வைக்கலாம்.

----------

நெடு என்பது நீளம். வாரத்தின் ஏழு நாளும் மேலே, வெயில், மழை என இரண்டே இரண்டு பக்கவாட்டில் என்று ஓர் அட்டவணை போட்டால் குறுக்கே போவதுதான் நீளம். பிள்ளை அதைத்தான் நெடுவரிசை என்று காட்டும், அது அதன் பிழையாகாது. குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்கிறோம். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

----------

> இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்

இது வழிகாட்டல், பெயரில்லை. "மூன்றாவது மேலிருந்து கீழைக் கூட்டு" என்று எப்படி எழுதுவது?

----------

சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவிடுகிறோம், சரி. என் வகுப்பில் இதைவிடப் பெரிய இடறல் ஒன்று இருக்கிறது. அட்டவணையின் அடியில் 'மொத்தம்' என்று ஒரு வரிசை சேர்த்தேன். "எதைப் பிடித்தவர்கள் அதிகம்?" என்று கேட்டால் "மொத்தம்" என்கிறார்கள். பெரிய எண் அங்கேதானே இருக்கிறது! பூனை, நாய், கிளியோடு அதையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். எண்ணைத் தேடி எடுக்கத் தெரிகிறது. அந்த எண் எதைப் பற்றியது என்று தலைப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏட்டில் முதல் அட்டவணைகளுக்காவது மொத்தத்தை எடுத்துவிட முடியுமா? பிள்ளைகளே கூட்டி எழுதட்டும்.

----------

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்பியாக வேண்டும் என்பதால் பெரும்பான்மைப்படி போகிறேன். பாடத்தில் குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை. 'நெடு'வின் மீது சொன்ன குறை இதற்கும் பொருந்தும் என்று தெரியும். குறுக்கும் நெடுக்கும் என்று பேச்சில் இணையாகவே கேட்டு வளர்வதால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். முதல் பக்கத்தில் இரண்டு அம்புக்குறி போட்டுவிடுகிறேன். நிரை, நிரல் ஆசிரியர் குறிப்பில் இருக்கும். முதல் மூன்று அட்டவணைகளில் மொத்த வரிசை இல்லை.

----------

என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்வகுப்புக் கணிதத்தில் அணிகளை (matrix) படிக்கும்போது நிரையும் நிரலும் எப்படியும் வரும். அன்று அவற்றைப் புதிதாகக் கற்பிப்பவர் இந்த இழையைத் தேடி வருவார். அட்டவணைப் பொருள்கோளுக்கு இதுவரை ஒருவரும் மறுமொழி எழுதவில்லை. வேண்டாம் என்றால் காரணத்தோடு எழுதுங்கள்.