வெர்சாய் உடன்படிக்கை: இன்னும் மனதை உறுத்தும் சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

கல்லடி டியூசன் சேர்:
பதினோராம் தரம், பின்னேர வகுப்பு. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி 1919இல் வெர்சாயில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை வழமைபோல ஒப்புவித்துக்கொண்டு போகிறேன்: ஜேர்மன் படை ஒரு லட்சத்துக்கு மேல் கூடாது, விமானப்படை கூடவே கூடாது, அல்சேஸ் லொரேன் பிரான்சுக்கு, குடியேற்றங்கள் எல்லாம் போச்சு, 231ஆம் உறுப்புரையில் போருக்கான பொறுப்பை ஏற்றுக் கையெழுத்து. இழப்பீடு 132 பில்லியன் தங்க மார்க் என்று பலகையில் எழுத, கடைசி வாங்குப் பொடியன், "எப்ப சேர் கட்டி முடிச்சாங்க?" என்றான். 2010 ஒக்டோபர் 3 என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் விரலை மடக்கி எண்ணினான். "தொண்ணூத்தொரு வருசம். அப்ப சண்டை பிடிச்சவன்ட பூட்டப்பிள்ளையும் கட்டியிருக்கானே சேர்?" மணி அடித்துவிட்டது, தப்பினேன். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன்.

காத்தான்குடி உம்மா:
சேர், என் கதை ஒரு தாளைப் பற்றியது. ஜேர்மனியில் இருக்கும் தம்பி பழைய சாமான் சந்தையில் வாங்கிக்கொண்டு வந்தான். 1922 டிசம்பர் என்று அச்சடித்த ஆயிரம் மார்க் தாள், அதன் மேலேயே சிவப்பு மையில் குறுக்கே நூறு கோடி மார்க் என்று குத்தியிருக்கிறார்கள். புதுத்தாள் அடிக்கக்கூட நேரமில்லை போல. மாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்கு ஒரு பாண் வருமா புள்ள?" என்றா. 1923 நவம்பரில் ஒரு டொலர் 4.2 டிரில்லியன் மார்க், அப்படியானால் இந்தத் தாள் ஒரு அமெரிக்கச் சதத்தில் நாற்பதில் ஒரு பங்கும் வராது. சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை, தாளை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டா. 2022இல் கேஸ் வரிசையில் நின்ற ஆள் அவ, காசு காகிதமாவது அவவுக்குத் தெரியும். இன்னும் திருப்பித் தரவில்லை.

அக்கரைப்பற்று வாசகன்:
சேர் பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறார், கோவிக்க வேண்டாம். 132 பில்லியன் 1919இல் எழுதிய தொகை இல்லை, 1921இல் லண்டனில் தீர்மானித்தது. அதிலும் 82 பில்லியன் யாரும் வசூலிக்க நினைக்காத கடன்பத்திரம், வென்ற நாட்டு மக்களைச் சமாளிக்க எழுதிய இலக்கம். இழப்பீடு 1932இல் லொசான் மாநாட்டோடு நின்றுவிட்டது. 2010இல் முடிந்தது இழப்பீட்டைக் கட்டுவதற்கு டோஸ், யங் என்ற இரண்டு கடன் திட்டங்களில் வாங்கிய கடனின் வட்டி. அக்காவின் தாளுக்கும் வெர்சாய் மட்டும் காரணம் இல்லை. போர்ச் செலவுக்கே கடன் வாங்கியவர்கள், 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜேர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் புகுந்ததும், அதை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்களுக்குச் சம்பளம் கொடுக்க இன்னும் தாள் அடித்தார்கள். 1871இல் ஜேர்மனியிடம் தோற்ற பிரான்ஸ் 5 பில்லியன் பிராங் இழப்பீட்டை 1873இலேயே கட்டி முடித்ததே? பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் காரணத்தை உடனடிக் காரணம், நீண்டகாலக் காரணம் என்று பிரித்து, ஆண்டை முதலில் எழுதி, அடிக்கோடிட்டு...

என் கதையா? ஓஎல்லில் இதே கேள்வி வந்தது, பேனை கசிந்து தாள் முழுக்க மை. அவ்வளவுதான்.

நாவலடி போட்காரன்:
தம்பி, வட்டியோ முதலோ, கட்டினது பூட்டப்பிள்ளைதானே. பொடியன் கேட்டது சரி.

நான் ஒரு ஜப்பான் கிழவரைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். 1942 ஏப்ரல் 9இல் அவர்களுடைய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிற இடம், முந்நூறு பேருக்கு மேல் செத்த இடம். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். தாமரைப் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார், பிறகு கூட வந்தவர் மூலமாகக் கேட்டார், "உங்கள் நாடு எங்களிடம் எவ்வளவு வாங்கியது?" எனக்குத் தெரியாது, சும்மா சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டால், 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதானம் பேசிய மாநாட்டில் ஜே.ஆர். ஜெயவர்தன புத்தர் சொன்னதை எடுத்துச் சொல்லி, இழப்பீடு ஒன்றும் வேண்டாம் என்றாராம். அதே மனிதர்தான் 1983இல் ஜனாதிபதி. அந்தக் கிழவரிடம் இதில் எதைச் சொல்லியிருப்பேன்?

காத்தான்குடி உம்மா:
சேர், அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னீங்க?

கல்லடி டியூசன் சேர்:
இன்னும் இல்லை. செவ்வாய்தான் வகுப்பு.