மறு: எல்லை கடந்த காற்று மாசு – "காஸ்ட் எஃபெக்டிவ்"க்கு எந்தச் சொல்?

(ஒரு நாட்டுப் புகை இன்னொரு நாட்டுல போய் விழற சிக்கலைப் பத்தின பொருளாதாரச் சொல்லுங்களுக்கு நாம போடற தமிழ்ப் பட்டியலுக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.)

> "செலவு குறைந்த மாசுக் குறைப்பு"ன்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனா தப்பாப் புரியும். செலவு குறைந்ததுன்னா மலிவானதுன்னு ஆயிடும், மலிவுக்கும் இதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு நாடு, ரெண்டுலயும் அனல் மின் நிலையம், காத்து அடிக்கிற திசையில மூணாவதா ஒரு நாட்டுல அமில மழையால கெடற ஏரிகள். முதல் நாட்டுல ஒரு டன் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க 100 ஆகுது, ரெண்டாவதுல 60 தான். மலிவு எது? ரெண்டாவது. ஆனா முதல் நாட்டுப் புகையில பாதி அந்த ஏரிப் பக்கம் போய் விழுது, ரெண்டாவது நாட்டுதுல அஞ்சுல ஒரு பங்குதான் விழுது, மிச்சம் கடல்ல. ஏரியில விழறதுல ஒரு டன் குறையணும்னா முதல் நாட்டுல 200, ரெண்டாவதுல 300. அப்போ விலை கூடின டன்னுதான் சரியான டன்னு. "செலவு குறைந்த"ன்னு எழுதினா படிக்கிறவர் 60ஐத்தான் பிடிச்சுக்குவார்.

> செலவுத்திறன்

அக்கா சொன்ன இது பரவால்ல, வாயில நல்லா வருது. ஆனா "திறன்"ங்கறதை எஃபிஷியன்சிக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சு. பொருளாதாரக்காரங்க ரெண்டையும் பிரிச்சுத்தான் பேசறாங்க, எவ்வளவு மாசு குறையணும்ங்கறதையே சேதத்தையும் செலவையும் தராசுல வெச்சு முடிவு பண்ணினா அது எஃபிஷியன்சி, குறிக்கோளை வேற யாரோ முடிவு பண்ணிட்டாங்க, அதை எப்படிக் குறைஞ்ச செலவுல எட்டறதுன்னு மட்டும் பாத்தா அது நம்ம சொல். ஏரி மீனுக்கும் காட்டுக்கும் விலை போடறது பெரும்பாடு, அதனாலதான் ரெண்டாவது வழியில போறாங்க. ஆக சொல்லுக்குள்ளயே "இலக்கு" இருக்கணும்ங்கறது என் வாதம். இலக்குச் சிக்கனம். சிக்கனம்னா கஞ்சத்தனம் இல்ல, தேவையானதைச் செய்துட்டு வீணா செலவழிக்காம இருக்கறது, அந்த அர்த்தம் நம்ம பேச்சுலயே இருக்கு.

ஐரோப்பாவுல நடந்ததைப் பாத்தா இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம்னு தெரியும். 1979ல ஜெனீவாவுல எல்லை தாண்டற காத்து மாசு பத்தி ஒப்பந்தம் போட்டாங்க, 1985ல ஹெல்சிங்கி நெறிமுறை வந்துச்சு, கந்தகப் புகையை 1980 அளவுல இருந்து 30 சதவீதம் குறைக்கணும், 1993க்குள்ள, எல்லாருக்கும் ஒரே விகிதம். கேக்க நியாயமா இருக்கு. ஆனா யாரோட புகை எங்க விழுது, யாருக்குக் குறைக்க எவ்வளவு ஆகும், எதையும் அது பாக்கல. பிரிட்டனும் போலந்தும் கையெழுத்தே போடல. 1994 ஓஸ்லோவுலதான் நாட்டுக்கு நாடு வேற வேற அளவு வந்துச்சு, அதுக்குப் பின்னாடி ஆஸ்திரியாவுல இருக்கற ஐயாசாங்கற ஆராய்ச்சி நிறுவனத்தோட ரெயின்ஸ்ங்கற கணினி மாடல். மண்ணும் நீரும் எவ்வளவு அமிலப் படிவைத் தாங்கும்னு ஒரு வரம்பு, இப்போ விழறதுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளியை 60 சதவீதம் மூடணும்னு குறிக்கோள், அதுக்கு எந்த நாடு எவ்வளவு குறைச்சா மொத்தச் செலவு அடிமட்டத்துக்கு வரும்னு கணக்கு. இலக்குச் சிக்கனம்னா இதுதான்.

அந்த வரம்புக்கு "தாங்கெல்லை"ன்னு தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனா வேணாம்! தலைப்புலயே எல்லை கடந்த மாசு, இலங்கைப் பாடப்புத்தகத்துல மார்ஜினல் காஸ்ட்டுக்கு (இன்னும் ஒரு டன் குறைக்க ஆகற கூடுதல் செலவு) எல்லைச் செலவு, இப்போ இதுவும் எல்லைன்னா ஒரே பத்தியில மூணு எல்லை வந்து முட்டிக்கும். தாங்குவரம்புன்னு வெச்சுக்கலாம். மார்ஜினல் காஸ்ட்டுக்கு இறுதிநிலைச் செலவே இருக்கட்டும், இலங்கை நண்பர்களுக்காக எல்லைச் செலவைப் பக்கத்துல குறிச்சுடலாம்.

எந்த நாட்டுப் புகை எந்த நாட்டுல எவ்வளவு விழுதுன்னு காட்டற அட்டவணைக்கு மூல–படிவு அணி (அணின்னா மேட்ரிக்ஸ்). அந்தத் துறைக்காரங்களே தமாஷா அதைப் பழி அட்டவணைன்னு சொல்லிக்கறாங்க, எனக்கென்னவோ அதுதான் பிடிச்சிருக்கு :)

நிஜமாவே சிக்கல் "சைடு பேமென்ட்"ல, அதாவது ஒரு நாட்டை ஒப்பந்தத்துக்குள்ள இழுக்க இன்னொரு நாடு கொடுக்கற பணம். மொத்தச் செலவு குறையுதுன்னா ஒவ்வொரு நாட்டுக்கும் லாபம்னு அர்த்தம் இல்ல. 1989ல கார்ல்-யோரான் மேலர்ங்கற ஸ்வீடன் பொருளாதார அறிஞர் அமில மழையை நாடுகளுக்கு நடுவுல நடக்கற ஆட்டமா (கேம் தியரி) வெச்சுக் கணக்கு போட்டார், எல்லாரும் கூட்டாக் குறைச்சா மொத்தத்துல நல்ல லாபம், ஆனா பிரிட்டனுக்கு நஷ்டம், ஏன்னா காத்து பெரும்பாலும் மேற்குல இருந்து அடிக்குது, அவங்க புகை ஸ்கேண்டிநேவியாவுக்குப் போகுது, திரும்பி வர்றது கொஞ்சம்தான். அப்போ அவங்களை உள்ள இழுக்கணும்னா யாராவது பணம் கொடுக்கணும். நார்வே தன் எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவுல இருந்த நிக்கல் உருக்காலையைச் சீரமைக்கப் பணம் தர முன்வந்தது இந்தக் கணக்குலதான்.

இதுக்குப் போய் "இழப்பீடு"ன்னு போட்டிருக்கீங்க. இழப்பீடுன்னா கெடுத்தவன் பாதிக்கப்பட்டவனுக்குக் கொடுக்கறது, இங்க பாதிக்கப்பட்டவன் புகை விடறவனுக்குக் கொடுக்கறான், நேர் தலைகீழ். "லஞ்சம்"னு ஒருத்தர் கிண்டல் பண்ணியிருந்தார், சிரிச்சேன், ஆனா சட்டப்படி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறது லஞ்சம் ஆகாதே. இப்போதைக்கு ஒத்துழைப்புத் தொகைன்னு எழுதி வெச்சிருக்கேன், கொஞ்சம் நீளம், அரசாங்கக் கடுதாசி வாசனையும் அடிக்குது. இதைவிடச் சின்னதா, கொடுக்கறவன் பாதிக்கப்பட்டவன்னு தெரியற மாதிரி யாருக்காவது தோணினா போடுங்க. மத்த நாலையும் (இலக்குச் சிக்கனம், தாங்குவரம்பு, இறுதிநிலைச் செலவு, மூல–படிவு அணி) பட்டியல்ல ஏத்திடறேன், ஆட்சேபணை இருந்தா அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.